தோற்கத் தெரிந்த டாக்டர்: பழைய டாக்டர் ஹூவில் பார்க்க வேண்டிய ஒன்பது கதைகள்

புது டாக்டர் ஹூவைப் பார்த்து, டேவிட் டெனன்ட்டையும் மேட் ஸ்மித்தையும் பிடித்துப்போய், "பழசையும் பார்க்கணும், எங்கேருந்து ஆரம்பிக்க?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நியாயமான கேள்வி. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 டிசம்பரில் நின்றுபோன பழைய தொடருக்கு 26 சீசன்கள். எபிசோடுகளை எண்ணினால் எழுநூறை ஒட்டி வரும். ஏழு பேர் அடுத்தடுத்து டாக்டராக நடித்திருக்கிறார்கள். "ஒழுங்காக முதலிலிருந்தே பார்ப்போம்" என்று உட்காருகிறவர்கள், முதல் எபிசோடில் சொக்கிப்போய், அதற்கடுத்ததில் கற்கால மனிதர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.

அப்படி எழுந்து போனவர்களுக்கும், இன்னும் உட்காராதவர்களுக்கும் இந்தப் பதிவு.

சிபாரிசுப் பட்டியல்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. டாலெக் வருகிற கதைகளில் சிறந்தவை, சைபர்மேன் வருகிற கதைகளில் சிறந்தவை என்று வில்லனை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள். என் அளவுகோல் வேறு. இந்தக் கதையில் டாக்டர் எதில் தோற்கிறார் என்று பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. டாக்டர் பல நூறு வயதுக்காரர், மனிதரே இல்லை. அறையில் இருக்கும் எல்லோரையும்விட அறிவாளி. கையில் டார்டிஸ் என்ற கால இயந்திரம் வேறு: வெளியே நீலநிறப் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் மாளிகை. சாகும் தறுவாய்க்கு வந்தாலும் உடம்பையும் முகத்தையும் மாற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன ஆகிவிடும் என்று நாம் பதற முடியும்? சுமாரான கதைகளில் இந்தச் சிக்கல் அப்படியே தெரியும். டாக்டர் வருவார், ஏதோ கருவியைத் திருகுவார், வில்லன் வெடித்துப்போவான். நல்ல எழுத்தாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அவருடைய புத்திசாலித்தனம் செல்லுபடியாகாத இடத்தில் கொண்டுபோய் அவரை நிறுத்தினார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அந்த வகை.

பார்க்கும் முறை

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய தொடரில் ஒரு எபிசோடு என்பது முழுக் கதையில்லை. 25 நிமிட எபிசோடுகள் நான்கோ ஆறோ சேர்ந்துதான் ஒரு கதை. ஒவ்வொரு எபிசோடும் யாராவது ஆபத்தில் மாட்டும் இடத்தில் நிற்கும். நம் வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த "தொடரும்" புதிதில்லை. அதே போலத்தான் இதையும் பார்க்க வேண்டும்: நாளுக்கு ஒரு எபிசோடு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆறு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தால், கதாபாத்திரங்கள் ஒரே நடைபாதையில் எத்தனை முறை ஓடுகிறார்கள், எத்தனை முறை பிடிபட்டுத் தப்பிக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். ஒரு வார இடைவெளிக்காக எழுதப்பட்டதை அந்த இடைவெளி இல்லாமல் பார்ப்பதால் வரும் கோளாறு அது.

இன்னொன்று, செட். சுவர் ஆடும். குகைப் பாறையைத் தட்டினால் பொம்மைச் சத்தம் வரும். ரப்பர் மிருகத்தின் ஜிப் கண்ணில் படலாம். இதற்கெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காசு இல்லாத குறையை இந்தத் தொடர் வசனத்திலும் நடிப்பிலும் ஒலியிலும் ஈடுகட்டியது.

ஒலிக்கு ஒரே ஒரு சாட்சி போதும். அந்தத் தலைப்பிசையை எழுதியவர் ரான் கிரெய்னர். அதை நாம் கேட்கும் வடிவத்தில் செய்து கொடுத்தவர் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் இருந்த டீலியா டெர்பிஷயர். சிந்தசைஸர் புழக்கத்துக்கு வராத காலம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, டேப்பை வெட்டி, ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து அந்த இசையைக் கட்டினார். டார்டிஸ் கிளம்பும்போது வரும் அந்த முனகல், பழைய பியானோவின் கம்பியை வீட்டுச் சாவியால் இழுத்துப் பிரையன் ஹாட்ஜ்சன் உண்டாக்கியது.

முன்னோட்டமாக ஒரே ஒரு எபிசோடு

பட்டியலுக்கு முன், "ஆன் அன்எர்த்லி சைல்ட்" கதையின் முதல் எபிசோடை மட்டும் பாருங்கள். 25 நிமிடம்தான். இரண்டு பள்ளி ஆசிரியர்கள், புதிரான மாணவி ஒருத்தியைப் பின்தொடர்ந்து காயலான் கடைக்குள் போகிறார்கள். அங்கே ஒரு போலீஸ் பெட்டி, கூடவே எரிச்சல் பிடித்த கிழவர் ஒருவர். இந்தக் கிழவரை நல்லவர் என்று நம்புவதா வேண்டாமா என்று கடைசிவரை தெரியாது. வில்லியம் ஹார்ட்னெல் அப்படி நடித்திருப்பார்.

இதை எடுத்தவர்கள் யார் என்பதும் சுவாரசியம். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த பெண். அன்றைய பிபிசி நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளரே கிடையாது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஆண்களும் வெள்ளையர்களும் நிறைந்த அலுவலகத்தில் இந்த இரண்டு பேரிடமும், தேறுமா என்று யாருக்கும் தெரியாத ஒரு குழந்தைகள் தொடரை ஒப்படைத்தார்கள். ஒளிபரப்பான நாளோ கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். அதனால் அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடையும் மறுபடி போட்டார்கள்.

சரி, இனி ஒன்பது கதைகள். காலவரிசையில் சொல்கிறேன். எந்த வரிசையில் பார்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. தி ஆஸ்டெக்ஸ் (1964, 4 எபிசோடு)

வேற்றுக்கிரகவாசி கிடையாது, மிருகம் கிடையாது. டார்டிஸ் பழைய மெக்சிகோவில், ஆஸ்டெக் கல்லறை ஒன்றுக்குள் இறங்குகிறது. அங்கே கிடந்த வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்ட வரலாற்று ஆசிரியை பார்பராவை, இறந்துபோன தலைமைப் பூசாரியின் மறு அவதாரம் என்று மக்கள் கும்பிடுகிறார்கள். கடவுளின் இடம் கிடைத்துவிட்டது. அப்படியானால் நரபலியை நிறுத்திவிடலாமே என்று அவள் முடிவெடுக்கிறாள். வரலாற்றை மாற்ற முடியாது என்று டாக்டர் எச்சரித்தும் கேட்கவில்லை.

அவள் நரபலியைத் தடுக்கிற காட்சி ஒன்று வருகிறது. பலியாகப் போகிறவன் நன்றி சொல்வான் என்று நாம் எதிர்பார்ப்போம். தனக்குக் கிடைக்கவிருந்த பெருமையைப் பறித்துவிட்டாளே என்று அவன் தானே கீழே குதித்து உயிரை விடுகிறான். மழையும் வந்துவிடுகிறது. மழைக்கும் பலிக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க நினைத்தவளுக்கு, அந்த மழையே எதிர்சாட்சியாகப் போய்விடுகிறது. திரைக்கதை எழுதிய ஜான் லூகரோட்டி எந்தப் பக்கத்தையும் முட்டாளாகக் காட்டவில்லை. பலி கொடுக்கும் பூசாரி டிலோடாக்சலுக்கும் அவன் நம்பிக்கை உண்மையானதுதான். பார்பரா சொல்வதைக் கேட்கிற ஒரே ஒரு நல்ல பூசாரி ஆட்லாக். அவனுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கதையின் நெஞ்சு.

பின்னணியில் தெரியும் நகரம் துணியில் வரைந்த ஓவியம் என்பது அப்பட்டமாகத் தெரியும். பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது உறுத்தாது. நடுவில், கோகோ கலந்து கொடுத்ததால் டாக்டர் தனக்கே தெரியாமல் ஒரு அம்மையாருக்கு நிச்சயமாகிவிடும் கூத்தும் உண்டு.

2. தி வார் கேம்ஸ் (1969, 10 எபிசோடு)

பேட்ரிக் டிரௌட்டனின் கடைசிக் கதை. இதற்குப் போகும் முன் ஒரு வருத்தமான தகவல். அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. வீடியோ டேப் விலை அதிகம்; மறுஒளிபரப்புக்கும் பயன்படாது என்று நினைத்து பிபிசியே அழித்துவிட்டது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் எங்கெங்கோ தூங்கிக்கொண்டிருந்து எப்போதாவது கிடைக்கும். "தி டூம் ஆஃப் தி சைபர்மென்" 1991-இல் ஹாங்காங்கில் கிடைத்தது. 2013-இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள் வந்தன. வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய "மார்க்கோ போலோ"வின் ஏழு எபிசோடுகளும் போயே போய்விட்டன. அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் டிவி முன் டேப்ரெக்கார்டர் வைத்துப் பதிவுசெய்த ஒலி மட்டும் இருக்கிறது. டிரௌட்டன் காலத்துக்குத்தான் இழப்பு அதிகம். "வார் கேம்ஸ்" முழுசாகத் தப்பியது நம் அதிர்ஷ்டம்.

முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் தொடங்கும் கதை. கொஞ்ச தூரம் நடந்தால் ரோமானியப் படை வருகிறது, இன்னும் கொஞ்ச தூரத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர். பல காலத்துச் சிப்பாய்களைக் கடத்திவந்து மோதவிடும் கூட்டம் ஒன்று இதன் பின்னால் இருக்கிறது. கூட்டத்தை முறியடிப்பதுகூட டாக்டருக்குக் கடினமில்லை. ஆயிரக்கணக்கான சிப்பாய்களை அவரவர் காலத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவரால் ஆகாத வேலை. அதைச் செய்யக்கூடியவர்கள் அவர் யாரிடமிருந்து ஓடிவந்தாரோ அந்தச் சொந்த இனத்தாரான டைம் லார்டுகள்தான். அவர்களைக் கூப்பிட்டால் தான் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே கூப்பிடுகிறார்.

கடைசி எபிசோடில் விசாரணை. அதைவிட வலிப்பது, உடன் பயணித்த ஜேமியும் ஸோயியும் அவரோடு கழித்த நாட்களை மறந்துபோகும்படி ஆக்கப்படும் காட்சி. முதன்முதலாக அவரைச் சந்தித்தது மட்டும்தான் அவர்கள் நினைவில் மிஞ்சும். பத்து எபிசோடு நீளம்தான், நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் முடிவைப் பார்த்தபின் அந்த இழுவையை மன்னித்துவிடுவீர்கள்.

3. இன்ஃபெர்னோ (1970, 7 எபிசோடு)

வண்ணத்துக்கு மாறிய வருடம். ஜான் பெர்ட்வீயின் டாக்டர், பூமியைவிட்டுப் போக முடியாத தண்டனையில் இருக்கிறார். எரிவாயுவுக்காகப் பூமியின் மேலோட்டைத் துளைக்கும் திட்டம் ஒன்று, எச்சரிக்கைகளைக் காதில் வாங்காத விஞ்ஞானி ஒருவர். இதுவரை வழக்கமான கதைதான். நடுவில் டாக்டர் ஓர் இணை உலகத்துக்குத் தூக்கி எறியப்படுகிறார். அங்கேயும் அதே திட்டம், அதே ஆட்கள். ஆனால் அந்தப் பிரிட்டன் பாசிச நாடு. இங்கே நண்பராக இருந்த பிரிகேடியர், அங்கே கண்ணில் கறுப்புத் திரையிட்ட முரட்டு அதிகாரி. நிக்கோலஸ் கோர்ட்னி, கரோலின் ஜான் என்று முக்கிய நடிகர்கள் எல்லோரும் இரட்டை வேடம்.

அந்த உலகத்தில் துளையிடும் வேலை முந்திப் போய்க்கொண்டிருக்கிறது. பூமி பிளந்துவிடுகிறது. இனி அதைக் காப்பாற்ற வழியே இல்லை என்று டாக்டர் அங்கிருப்பவர்களிடம் நேருக்கு நேர் சொல்கிறார். உங்கள் உலகம் முடிந்துவிட்டது, என்னைத் திரும்ப அனுப்பினால் இன்னொரு உலகத்தையாவது காப்பாற்றலாம் என்கிறார். தங்களுக்கு எந்தப் பலனும் இல்லாத இந்த வேண்டுகோளுக்கு ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஐந்தாவது, ஆறாவது எபிசோடுகள். பழைய தொடரில் என்னை அதிகம் பதறவைத்த இடம் இது. முடி முளைத்து அலையும் மிருக மனிதர்களைப் பார்த்து மட்டும் சிரித்துவிடாதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, தொடர்ந்து பாருங்கள்.

4. ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ் (1975, 6 எபிசோடு)

எந்தப் பட்டியலிலும் இருக்கும், இங்கேயும் இருக்கிறது. டாம் பேக்கர் அப்போது புதுசு, முதல் சீசன். டாலெக்குகள் உருவாகும் முன்பே அவற்றை ஒழித்துவிடு, முடியாவிட்டால் வளர்ச்சியையாவது திசைதிருப்பு என்று டைம் லார்டுகள் அவரை ஸ்காரோ கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரண்டு இனங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிட்டு, கடைசியில் விஷவாயுவும் பதுங்குகுழியும்தான் மிச்சம். கறுப்புச் சீருடை, குதிகாலைத் தட்டும் சல்யூட் என்று நாஜிக்களின் சாயல் வெளிப்படையானது. இதை எழுதி, டாலெக்குகளையும் படைத்த டெரி நேஷன் இரண்டாம் உலகப்போரின்போது சிறுவனாக இருந்தவர்.

நடுநாயகம், டாலெக்குகளை உருவாக்கும் டாவ்ராஸ். பாதி உடம்பு இயந்திர நாற்காலிக்குள், கண்ணில்லாத முகம். முகமூடிக்குள்ளிருந்து மைக்கேல் விஷர் குரலாலேயே மிரட்டுவார். உலகத்து உயிர்களை எல்லாம் கொல்லக்கூடிய கிருமியைச் செய்துவிட்டால் அதைத் திறந்துவிடுவாயா என்று டாக்டர் கேட்கிறார். அந்த யோசனையே டாவ்ராஸுக்கு எப்படி இனிக்கிறது என்று பாருங்கள். கையில் அந்தச் சிமிழ் இருப்பதுபோலவே விரல்களைக் குவிப்பான்.

அந்தக் கேள்வி சீக்கிரமே டாக்டரிடம் திரும்பி வருகிறது. டாலெக் கருக்கள் இருக்கும் அறையில் வெடி வைத்தாயிற்று. இரண்டு கம்பிகளைச் சேர்த்தால் போதும். அவரால் சேர்க்க முடியவில்லை. ஒரு இனத்தையே பிறக்கும் முன் அழிக்கிற உரிமை எனக்கு உண்டா, அப்படிச் செய்தால் நான் அவர்களைவிட எந்த வகையில் மேல் என்று தடுமாறுகிறார். செய்துவிடு என்கிறாள் உடன் பயணிக்கும் சாரா. வேறு செய்தி வந்து அவரைக் காப்பாற்றியதும் அவர் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, அதை வீரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் அவர் சாதித்தது டாலெக்குகளை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் தாமதப்படுத்தியது மட்டுமே. அதையும் ஒரு வெற்றியாக அவர் எப்படி நியாயப்படுத்துகிறார் என்று பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

5. தி ரோபாட்ஸ் ஆஃப் டெத் (1977, 4 எபிசோடு)

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இது. பாலைவனத்தில் தாது தேடி ஊர்ந்துபோகும் பிரம்மாண்ட வண்டி. உள்ளே கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள், ஏகப்பட்ட ரோபாட்டுகள். ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ரோபாட்டால் கொலை செய்யவே முடியாது என்பதுதான் அந்தச் சமூகமே நம்பிக்கொண்டிருக்கும் அடிப்படை. அது பொய் என்று தெரிந்தால் ஊரே நிலைகுலையும்.

கிறிஸ் பௌச்சர் எழுதியது. அகதா கிறிஸ்டியையும் அசிமோவையும் ஒரே வண்டியில் ஏற்றியிருப்பார். செட்டைப் பற்றி மேலே புலம்பியதற்கு இந்தக் கதை விதிவிலக்கு. தகரமும் பல்புமாக இருக்க வேண்டிய ரோபாட்டுகளுக்கு, 1920களின் சிலைகளைப் போன்ற அழகான முகங்கள், சுருண்ட கேசம், இதமான குரல். அந்த இதமான குரலிலேயே கொலை நடப்பதுதான் திகில். மனித உடலசைவு இல்லாத உருவங்களோடு நாள் முழுக்கப் பழகினால் மனசு என்னவாகும் என்று இதில் வரும் சிந்தனை, செயற்கை நுண்ணறிவோடு பேசிக்கொண்டிருக்கும் இன்றைக்கு இன்னும் சுடுகிறது.

டாக்டர் தோற்கும் கதையா என்றால் இல்லை. ஆனால் பேசத் தெரியாத வகை ரோபாட்டாக நடிக்கும் டி84 என்ற ரோபாட்டுக்காக நீங்கள் வருத்தப்படுவீர்கள். அதற்கு உத்தரவாதம்.

6. சிட்டி ஆஃப் டெத் (1979, 4 எபிசோடு)

இத்தனை தோல்விக்கு நடுவில் ஒரு சிரிப்பு. டக்ளஸ் ஆடம்ஸ் அப்போது தொடரின் ஸ்கிரிப்ட் எடிட்டர். கைவசமிருந்த கதை சரிப்படாமல் போக, தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸோடு உட்கார்ந்து ஒரு வாரக்கடைசியில் இதை எழுதி முடித்தார். படத்தில் பெயர் மட்டும் டேவிட் ஆக்னியூ என்று வரும். அப்படி ஒரு ஆள் இல்லை. ஆடம்ஸின் "தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி" புத்தகமாக வந்ததும் இதே 1979 அக்டோபரில்தான்.

தொடர் முதன்முறையாக வெளிநாட்டுக்குப் படப்பிடிப்புக்குப் போனது இதற்காகத்தான். பாரிஸ் தெருக்களில் டாம் பேக்கரும் லாலா வார்டும் ஓடுவதைப் பார்த்தாலே மனசு லேசாகும். ஒரு பிரபு மோனா லிசாவைத் திருடப் பார்க்கிறான். ஆனால் அவன் வீட்டு நிலவறையில் ஏற்கெனவே ஆறு மோனா லிசாக்கள் இருக்கின்றன, ஆறும் அசல்! இந்தப் புதிரை அவிழ்க்கும் விதம் அவ்வளவு அழகு. ஜூலியன் குளோவர் வில்லன் வேடத்தில் ஒயின் கோப்பையைப் பிடிக்கும் தினுசிலேயே மிரட்டுவார்.

சிரித்து முடித்தபின் யோசித்தால், இங்கேயும் ஒரு இனம் அழிந்தால்தான் இன்னொன்று பிழைக்கும் என்ற கணக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். வில்லன் கேட்பது தன் இனத்தின் கடைசி நிமிடத்தைத் திருத்த ஒரு வாய்ப்பு. அதைக் கொடுத்தால் மனித குலமே இருக்காது. அப்போது போட்டித் தொலைக்காட்சியான ஐடிவியில் வேலைநிறுத்தம் நடந்ததும் சேர்ந்துகொள்ள, கடைசி எபிசோடை ஒரு கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். தொடரின் வரலாற்றிலேயே அதிகம்.

7. தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி (1984, 4 எபிசோடு)

"டாக்டர் ஹூ மேகஸீன்" 2009-இல் வாசகர்களிடம் 200 கதைகளுக்கும் மதிப்பெண் கேட்டபோது முதலிடம் பிடித்தது. எனக்கும் இதுதான் முதலிடம்.

பீட்டர் டேவிசனின் கடைசிக் கதை. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். முதல் எபிசோடிலேயே டாக்டரும் உடன் பயணிக்கும் பெரி என்ற பெண்ணும் தெரியாமல் ஒரு விஷப்பொருளைத் தொட்டுவிடுகிறார்கள். இருவருக்கும் மரணம் உறுதி. அதே பொருளைச் சுத்திகரித்தால் ஆயுளை நீட்டும் மருந்து. அதற்காக அங்கே போர். இராணுவத்துக்கும் சாயம் பூசிய முகமூடிக்காரன் ஷராஸ் ஜெக்குக்கும் நடக்கும் அந்தப் போரில் இரண்டு பக்கத்துக்கும் தீனி போடுகிறவன் மார்கஸ் என்ற முதலாளி. ஜான் நார்மிங்டன் நடித்த அந்த மார்கஸ், நடுநடுவே கேமராவைப் பார்த்து நம்மிடமே ரகசியம் பேசுவான்.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத இரண்டே பேர் டாக்டரும் பெரியும்தான். அவர் அந்தப் போரை நிறுத்தவில்லை, யாரையும் திருத்தவில்லை, எந்த அநியாயத்தையும் தட்டிக்கேட்கவில்லை. சில நாட்களுக்கு முன் அறிமுகமான ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவர் குறிக்கோள். மூன்றாவது எபிசோடின் முடிவில், கீழே மோதப்போகும் விண்கலத்தின் விசையைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தும் காட்சியில், அதுவரை சாதுவாக இருந்த டேவிசன் வேறு ஆளாகிறார். இயக்குநர் கிரேம் ஹார்ப்பரின் வேகம் அன்றைய தொலைக்காட்சிக்குப் புதுசு. இருபது வருடம் கழித்துப் புதுத் தொடரும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. முடிவில் மாற்றுமருந்து ஒருவருக்குத்தான் போதும் என்று வரும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் தொண்டை அடைக்கும்.

8. வெஞ்சன்ஸ் ஆன் வேரோஸ் (1985, 2 எபிசோடு)

காலின் பேக்கர் காலத்தைப் பலர் மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள். இதை மட்டும் ஒதுக்காதீர்கள். இந்த சீசனில் எபிசோடு ஒன்று 45 நிமிடம். வேரோஸ் என்ற சுரங்கக் கிரகத்தில், சித்திரவதையும் மரண தண்டனையும் எல்லா வீட்டு டிவியிலும் நேரலை. ஆளுநர் ஏதாவது முடிவை அறிவித்தால் மக்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப்போட வேண்டும். அவர் தோற்றால் உட்கார்ந்த இடத்திலேயே கதிர்வீச்சுத் தண்டனை. பிலிப் மார்ட்டின் இதை எழுதியது ரியாலிட்டி ஷோ என்ற சொல்லே நம் வீடுகளுக்கு வராத காலத்தில்.

கதையின் மிகப்பெரிய சாமர்த்தியம், அராக், எட்டா என்ற ஒரு தம்பதி. டாக்டரை அவர்கள் சந்திப்பதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், சாப்பாட்டைக் குறைசொல்கிறார்கள், ஓட்டுப்போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கடைசிக் காட்சியும் அவர்களுடையதுதான். இனி சித்திரவதை கிடையாது, நிகழ்ச்சியும் கிடையாது, நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று அறிவிப்பு வருகிறது. இனி என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் ஆட்சியை மாற்றிவிட்டார்; பார்வையாளர்களை மாற்ற அவரால் முடியவில்லை.

9. ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ் (1988, 4 எபிசோடு)

சில்வெஸ்டர் மெக்காய் நடித்த ஏழாவது டாக்டர். தொடரின் 25-ஆம் ஆண்டு. கதை 1963 நவம்பர் லண்டனுக்கே திரும்புகிறது: அதே பள்ளிக்கூடம், அதே காயலான் கடை. எழுதிய பென் ஆரனோவிச் அப்போது இளைஞர். இரண்டு டாலெக் கூட்டங்கள் யாருக்குச் சுத்த ரத்தம் என்று சண்டை போட வருகின்றன. டாக்டரோடு பயணிக்கும் ஏஸ் என்ற பெண் தங்கியிருக்கும் வீட்டு ஜன்னலிலோ, கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஓர் அட்டை. டாலெக்கின் வெறியை அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்ததுதான் கதை.

தேநீர்க்கடைக் காட்சி ஒன்று இருக்கிறது. தன் மூதாதை கரும்பு வெட்ட அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், உலகத்துக்குச் சர்க்கரை ஆசை இல்லாமலிருந்தால் நானே வேறு ஆளாக இருந்திருப்பேன் என்று ஒரு கறுப்பினத்துக் கடைக்காரர் டாக்டரிடம் சொல்கிறார். ஃபிஜிக்கும் மொரீஷியஸுக்கும் அதே கரும்புக்காகக் கப்பலேறிய தமிழர்களின் கதை தெரிந்த நமக்கு, அந்த இரண்டு நிமிடம் கூடுதலாகவே தைக்கும்.

இதில் டாக்டர் ஜெயிக்கிறார். அளவுக்கு மீறி ஜெயிக்கிறார். பொறி வைத்து ஒரு கிரகத்தையே அழித்துவிடுகிறார். ஜெனசிஸில் இரண்டு கம்பியைச் சேர்க்கத் தயங்கிய அதே ஆள். நாம் செய்தது நல்லதுதானா என்று கடைசியில் ஏஸ் கேட்கும்போது அவரிடம் நேரான பதில் இல்லை. அதனால்தான் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை

பல பட்டியல்களில் "தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்" (1977) உச்சத்தில் இருக்கும். வசனம் பிரமாதம்தான். ஆனால் முக்கியச் சீனப் பாத்திரத்தில் வெள்ளைக்கார நடிகர் ஒப்பனை போட்டு நடிக்கிறார். சீனர்களைக் காட்டும் விதமும் அந்தக் காலத்து மோசமான கற்பனைகளிலிருந்து அப்படியே எடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

வரிசை

முதலில் "ரோபாட்ஸ் ஆஃப் டெத்". அடுத்து "சிட்டி ஆஃப் டெத்". இரண்டும் டாம் பேக்கர், இரண்டும் நான்கே எபிசோடு, பின்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிறகு "ஜெனசிஸ்", உடனே "ரிமெம்பரன்ஸ்". அதன்பின் "ஆண்ட்ரோஸானி". இந்த ஐந்தும் முடிந்ததும் "வேரோஸ்", "இன்ஃபெர்னோ". கறுப்பு வெள்ளைக்குக் கண் பழகவேண்டும் என்பதால் "ஆஸ்டெக்ஸ்" அதற்குப் பிறகு. "வார் கேம்ஸ்" கடைசியில்.

முதல் ஐந்தைப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் பழைய தொடர் உங்களுக்கானதில்லை. விட்டுவிடுங்கள், பார்க்க வேறு எத்தனையோ இருக்கிறது. ஒட்டிக்கொண்டால், பத்து எபிசோடு "வார் கேம்ஸ்" உங்களுக்கு நீளமாகவே தெரியாது. அழிந்துபோன தொண்ணூற்றுச் சொச்சத்தை நினைத்து பிபிசியைத் திட்டுகிற கூட்டத்தில் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள்.